விண்மீன் ஒளியும் பேரண்டத்தின் வயதும்

இருள் பிரியாத வைகறையில் பால்மரக் காட்டை நோக்கி நடப்பவர்களுக்கு விண்மீன்கள் புதியவை அல்ல. நகரத்து மின்விளக்குகளின் வெளிச்சத்தில் மறைந்துபோகும் வானம், தோட்டப்புறங்களில் இன்னும் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை என்று பஞ்சாங்கத்தில் நாம் படிப்பவை வெறும் பெயர்கள் அல்ல. அவை யாவும் கண்ணால் காணக்கூடிய விண்மீன்களே. அவற்றைச் சுட்டிக்காட்டி, "அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?" என்று பிள்ளைகள் கேட்டால், "வெகு தூரம்" என்று சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சற்று வளர்ந்த பிள்ளைகள் இதைவிடக் கடினமான கேள்வியையும் கேட்பது உண்டு. "பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று பாடநூல் கூறுகிறது. ஒளியை மிஞ்சி எதுவும் ஓட முடியாது என்றும் கூறுகிறது. அப்படியானால், நம்மால் காணக்கூடிய பேரண்டத்தின் எல்லை 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது என்பது எப்படிப் பொருந்தும்?"

இது விதண்டாவாதம் அன்று. மிக நல்ல கேள்வி. "புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுது" என்று நாம் வாயடைத்துவிட்டால், அந்தப் பிள்ளை அன்றோடு கேள்வி கேட்பதை நிறுத்திவிடக்கூடும். கேள்வி நின்ற இடத்தில் கல்வியும் நின்றுவிடுகிறது. ஆகவே இந்தக் கேள்விக்குரிய விடையை நாமே படிப்படியாகக் காண்போம். இதற்குப் பெரும் படிப்பு தேவை இல்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அளவுகோல் எது?

தோட்டத்திற்குள் தூரத்தை மீட்டரில் சொல்கிறோம். ஊருக்கு ஊர் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிறோம். வானத்திற்குக் கிலோமீட்டர் போதுமா என்று பார்ப்போம்.

நிலவு நமக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஓய்வின்றி நடந்தால் அங்குச் சென்று சேர 26 ஆண்டுகள் ஆகும். சூரியனோ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் இரவு பகலாக மோட்டார் வண்டியை ஓட்டினாலும் 171 ஆண்டுகள் ஆகும். சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனுக்கு அதே வண்டியில் புறப்பட்டால், போய்ச் சேர 4 கோடி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்!

இந்தத் தொலைவுகளை மனத்தில் பதிக்க வேறொரு வழியும் உண்டு. சூரியனை 9 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் ஆரஞ்சுப் பழமாக வைத்துக்கொள்வோம். அப்போது நமது பூமி, ஏறத்தாழ 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒரு கசகசா மணி. பழம் கோலாலம்பூரில் இருந்தால், அடுத்த விண்மீனாகிய மற்றொரு பழம் சென்னைக்கு அருகில் இருக்கும். இடையில் உள்ள ஏறத்தாழ 2,600 கிலோமீட்டரும் கிட்டத்தட்ட வெறும் வெளி.

ஆகவே அறிஞர்கள் ஒளியையே அளவுகோலாகக் கொண்டனர். ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஓராண்டில் 3 கோடியே 15 இலட்சத்து 36 ஆயிரம் வினாடிகள் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர் வரும். இதுவே ஓர் ஒளியாண்டு. பெயரில் ஆண்டு என்னும் சொல் இருந்தாலும், ஒளியாண்டு என்பது காலத்தின் அளவன்று, தொலைவின் அளவு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

கைவிளக்கும் வியாழனின் துணைக்கோளும்

ஒளிக்கு வேகம் உண்டு என்பதையே மனிதன் நெடுங்காலம் அறியவில்லை. விளக்கை ஏற்றியதும் அறை முழுவதும் ஒரே நொடியில் வெளிச்சம் பரவுகிறதே, ஒளி நேரம் எடுத்துக்கொள்ளுமா என்ன?

இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1638ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் ஒரு சோதனையை விளக்கினார். இரவில் இருவர் மூடிய விளக்குகளுடன் தொலைவில் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் தம் விளக்கைத் திறந்ததும், அதைக் கண்ட மற்றவர் தம் விளக்கைத் திறக்க வேண்டும். இடைப்பட்ட நேரமே ஒளி போய் வந்த நேரம். எண்ணம் சரியானதே, ஆனால் ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தை ஒளி கடக்கும் நேரம், கை அசையும் நேரத்தைவிட மிக மிகக் குறைவு. ஆகவே சோதனை முடிவு தரவில்லை.

விடை வியாழன் கோளிடமிருந்து வந்தது. வியாழனின் துணைக்கோள்களுள் ஒன்றாகிய அயோ, ஏறத்தாழ 42 மணி 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அக்கோளைச் சுற்றி வந்து அதன் நிழலில் மறைகிறது. பாரிஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த டென்மார்க் நாட்டவரான ஓலே ரோமர் இதைக் கூர்ந்து கவனித்தார். பூமி வியாழனை நெருங்கும் மாதங்களில் இந்த மறைவு கணக்கிட்ட நேரத்திற்கு முன்னதாகவும், விலகும் மாதங்களில் பின்னதாகவும் நிகழ்வதைக் கண்டார். துணைக்கோள் தாமதிக்கவில்லை, அதன் ஒளிதான் நீண்ட வழியைக் கடந்து வருவதால் தாமதிக்கிறது என்று 1676ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். பூமியின் சுற்றுப்பாதையின் குறுக்களவை ஒளி கடக்க 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு. இன்றைய அளவு ஏறத்தாழ 17 நிமிடம். அளவில் பிழை இருந்தது. கருத்தில் பிழை இல்லை.

நாம் காண்பது பழைய வானம்

ஒளி வந்து சேர நேரம் பிடிக்கிறது என்றால், நாம் காண்பது எதுவும் இந்த நொடியின் காட்சி அன்று. நிலவொளி நம்மை அடைய 1.3 வினாடி ஆகிறது. 1969ஆம் ஆண்டு நிலவில் இறங்கியவர்கள் அங்கு வைத்துவிட்டு வந்த கண்ணாடியின்மீது பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அது திரும்பி வர இரண்டரை வினாடி ஆகிறது. சூரிய ஒளிக்கு 8 நிமிடம் 20 வினாடி. சூரியன் இந்தக் கணமே அணைந்துவிட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அடுத்த 8 நிமிடங்களுக்கு நாம் வெயிலில்தான் நின்றுகொண்டிருப்போம்.

ரோகிணி ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, மலாயா 1957ஆம் ஆண்டு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் புறப்பட்டது. கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் ஒளி புறப்பட்டபோது மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது.

1987ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தென் வானில் மங்கலான மேகத் திட்டைப்போலத் தெரியும் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியதை உலகம் கண்டது. ஆனால் அந்த வெடிப்பு நிகழ்ந்தது 1987இல் அன்று; அதற்கு 1 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர். மனிதன் எழுத்தும் உழவும் அறியாத காலத்தில் புறப்பட்ட அந்தச் செய்தி, அன்றுதான் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பால்மரத்தின் வெட்டிய பட்டையை உற்றுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மேலே இருப்பது பல மாதங்களுக்கு முன்னர் வெட்டிய தழும்பு. அதற்குக் கீழே அடுத்தடுத்த மாதங்கள். உளி இன்று பட்ட கோடு அடியில் இருக்கிறது. மரத்தை ஒருமுறை பார்த்தாலே ஓராண்டு வேலையின் வரலாறு வரிசையாகத் தெரிகிறது. வானமும் அத்தகையதே. அருகில் இருப்பது அண்மைக் காலம். தொலைவில் இருப்பது தொன்மைக் காலம். தொலைநோக்கி எவ்வளவு தூரம் பார்க்கிறதோ, அவ்வளவு பழைய காலத்தைக் காட்டுகிறது.

தொலைவை அளந்தது எப்படி?

நூலைப் பிடித்து அளக்க முடியாத இடத்தை எப்படி அளந்தார்கள்? இரண்டு முறைகளை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது, கண்களின் முறை. ஒரு விரலை முகத்திற்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பார்த்தால், விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரலை அருகில் கொண்டுவந்தால் பெயர்ச்சி கூடும். தள்ளி வைத்தால் குறையும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஜனவரியில் ஒரு பக்கமும் ஜூலையில் மறு பக்கமும் நாம் இருக்கிறோம். இந்த இரு இடங்களும் 30 கோடி கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு கண்கள். அருகில் உள்ள விண்மீன் இந்த ஆறு மாதத்தில் மிகச் சிறிதளவு இடம் பெயர்வதுபோல் தோன்றும். ஜெர்மன் அறிஞர் பெசல், 1838ஆம் ஆண்டு இம்முறையில் ஒரு விண்மீனின் தொலைவை முதன்முதலில் நம்பத்தக்க வகையில் அளந்தார். அது ஏறத்தாழ 11 ஒளியாண்டு. 2013ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் ஏவிய கையா விண்கலம் இதே முறையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்தது.

ஆனால் மிகத் தொலைவில் உள்ளவற்றின் பெயர்ச்சி அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. அங்கே இரண்டாவது முறை, அதாவது விளக்கின் முறை, பயன்படுகிறது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுவோர் நிரைகளில் நிற்கும்போது, அருகில் உள்ள விளக்கு பளிச்சென்றும், தொலைவில் உள்ளது மங்கியும் தெரியும். எல்லா விளக்குகளும் ஒரே சக்தி உள்ளவை என்று நமக்குத் தெரிந்திருந்தால், மங்கலை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். இருமடங்கு தூரத்தில் உள்ள விளக்கு கால்பங்கு ஒளியே தரும். மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. இடர்ப்பாடு ஒன்றே: விண்மீன்கள் எல்லாம் ஒரே சக்தி உள்ளவை அல்ல. மங்கித் தெரிவது தொலைவாலா, சக்திக் குறைவாலா?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 காசு கூலிக்குப் பணிபுரிந்த ஹென்ரியெட்டா லீவிட் என்பவர் அவர். காது கேளாமையால் துன்புற்ற அவருக்கு, கண்ணாடித் தகடுகளில் பதிந்த வானப் படங்களில் விண்மீன்களின் ஒளியை ஒப்பிட்டுக் குறிப்பதே வேலை. சீராகப் பெருகியும் குறைந்தும் துடிக்கும் ஒருவகை விண்மீன்கள் சிறிய மெகல்லன் மேகத்தில் இருப்பதை அவர் கண்டார். அவற்றுள் 25 விண்மீன்களை ஆராய்ந்து, துடிப்புக்கு நாள் கூடக்கூட விண்மீனின் சக்தியும் கூடுகிறது என்று 1912ஆம் ஆண்டு காட்டினார். தொலைவில் உள்ள ஓர் ஊரின் விளக்குகள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதுபோல, அந்த மேகத்தின் விண்மீன்களும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பவை. ஆகவே அவற்றுள் பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே சக்தி மிக்கது. இனி, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணினால் போதும், சக்தி தெரியும். சக்தி தெரிந்தால் தொலைவும் தெரியும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்த எட்வின் ஹப்பிள், 1923ஆம் ஆண்டு ஆண்ட்ரோமெடா என்னும் ஒளித்திட்டில் அத்தகைய துடிக்கும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அது நமது பால்வீதி மண்டலத்திற்கு வெகு அப்பால் இருப்பதைக் கணக்கு காட்டியது. ஆண்ட்ரோமெடா ஒரு தனி விண்மீன் மண்டலம் என்பதும், நம்முடையது போன்ற மண்டலங்கள் எண்ணற்றவை என்பதும் 1925இல் உலகுக்குத் தெரிந்தன. இன்றைய அளவின்படி அது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நிலவில்லா இரவில் கருவி எதுவும் இன்றிக் கண்ணால் காணக்கூடிய மிகத் தொலைவான பொருள்களுள் அது ஒன்று.

விரியும் பேரண்டம்

விலகிச் செல்லும் விண்மீன் மண்டலத்தின் ஒளி சிவப்பு நிறத்தின் பக்கம் சற்று நகர்ந்து தெரியும். அந்த நகர்வை அளந்தால் விலகும் வேகம் தெரியும். 1929ஆம் ஆண்டு ஹப்பிள், தொலைவையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, இருமடங்கு தொலைவில் உள்ள மண்டலம் இருமடங்கு வேகத்தில் விலகுகிறது என்று அறிவித்தார். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த பாதிரியாரும் கணித அறிஞருமான ஜார்ஜ் லெமைத்ர் 1927ஆம் ஆண்டிலேயே இம்முடிவுக்கு வந்திருந்தார்.

இதிலிருந்து வயது எப்படிக் கிடைக்கிறது? ஓர் இடத்திலிருந்து இரண்டு லாரிகள் புறப்பட்டன என்று கொள்வோம். ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, இப்போது 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மற்றது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் இரண்டுக்கும் விடை ஒன்றே: 2 மணி நேரத்திற்கு முன்னர் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. விண்மீன் மண்டலங்களுக்கும் இதே வகுத்தலைச் செய்தால், அவை யாவும் நெருங்கியிருந்த காலம் கிடைக்கிறது.

தாயைவிட மூத்த மகள்

ஆனால் அக்காலத்தில் இந்த வகுத்தல் ஒரு பெரும் சங்கடத்தைக் கொண்டுவந்தது. ஹப்பிள் தந்த அளவுகளின்படி பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் என்று வந்தது. பாறைகளில் உள்ள கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு பூமியின் வயதைக் கணித்த ஆங்கில அறிஞர் ஆர்தர் ஹோம்ஸ், 1940களில் அது 300 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது என்றார். தாயின் வயது 20, மகளின் வயது 30 என்றால் யார் ஒப்புக்கொள்வார்? இரண்டு கணக்குகளுள் ஒன்று தவறாக இருந்தாக வேண்டும்.

அறிஞர்கள் இந்த முரண்பாட்டை மூடி மறைக்கவில்லை. வெளிப்படையாக வைத்துக்கொண்டே காரணத்தைத் தேடினார்கள். 1952ஆம் ஆண்டு வால்டர் பாடே என்பவர் விடையைக் கண்டார். துடிக்கும் விண்மீன்களில் இரண்டு வகைகள் உள்ளன. ஒருவகை மற்றதைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதியதால், தொலைவுகள் எல்லாம் பாதிக்கும் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தன. அளவுகோலே சுருங்கியிருந்தது! அதனைத் திருத்தியதும் பேரண்டத்தின் வயது இருமடங்காயிற்று. பின்னர் வந்த திருத்தங்களால் மேலும் உயர்ந்தது. 1956ஆம் ஆண்டு கிளேர் பேட்டர்சன், விண்கற்களையும் ஆராய்ந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். இன்றைய கணக்கில் தாய்க்கு 1380 கோடி, மகளுக்கு ஏறத்தாழ 455 கோடி. வழக்கு தீர்ந்தது.

1965ஆம் ஆண்டு மற்றொரு சான்றும் வெளியாயிற்று. அமெரிக்காவில் வானொலி அலைவாங்கி ஒன்றைச் சோதித்த ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர், எத்திசையில் திருப்பினாலும் நீங்காத ஓர் இரைச்சலைக் கேட்டனர். புறாக்களின் எச்சத்தால் வந்ததோ என்று ஐயுற்று அதையும் துடைத்துப் பார்த்தனர். இரைச்சல் போகவில்லை. பேரண்டம் தோன்றி 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது, எங்கும் நிறைந்திருந்த வெப்பப் புகை தெளிந்து வெளிப்பட்ட ஒளியின் மிச்சமே அது. நம்மால் காணக்கூடிய மிகப் பழைய ஒளி அதுதான். அதனை நுணுக்கமாக அளந்த பிளாங்க் விண்கலத்தின் முடிவுகள், 2013ஆம் ஆண்டு முதல், 1380 கோடி ஆண்டு என்னும் வயதை உறுதிப்படுத்தின.

1380 கோடியா, 4600 கோடியா?

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். 1380 கோடி ஆண்டுகள் ஓடிவந்த ஒளியைக் காண்கிறோம் என்றால், அது புறப்பட்ட இடம் 1380 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தானே இருக்க வேண்டும்?

வழி அசையாமல் இருந்தால் அப்படித்தான். ஆனால் ஒளி வரும் வழியே நீண்டுகொண்டிருந்தது. இதனை விளக்க நமக்கு மிகவும் பழக்கமான இரப்பரைவிடச் சிறந்த பொருள் இல்லை.

4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இரப்பர் நாடாவை எடுத்துக்கொள்வோம். ஒரு நுனியில் ஓர் எறும்பு. மறு நுனியில் நாம். எறும்பு நிமிடத்திற்கு 2 சென்டிமீட்டர் நடக்கும். ஒவ்வொரு நிமிட முடிவிலும் நாடாவை 4 சென்டிமீட்டர் கூடுதலாக இழுப்போம். இழுக்கும்போது எறும்பின் முன்னுள்ள பகுதியும் பின்னுள்ள பகுதியும் ஒரே விகிதத்தில் நீளும்.

முதல் நிமிடத்தில் எறும்பு 4இல் 2, அதாவது வழியில் பாதியைக் கடக்கிறது. நாடா 8 சென்டிமீட்டர் ஆகிறது. இரண்டாம் நிமிடத்தில் 8இல் 2, அதாவது கால்பங்கு, மொத்தம் முக்கால். நாடா 12 ஆகிறது. மூன்றாம் நிமிடத்தில் 12இல் 2, அதாவது ஆறில் ஒரு பங்கு. மொத்தம் 12இல் 11 பங்கு. நாடா 16 ஆகிறது. மிஞ்சிய 12இல் ஒரு பங்கைக் கடக்க 40 வினாடி போதும். 3 நிமிடம் 40 வினாடியில் எறும்பு நம்மை அடைந்துவிட்டது.

இப்போது அந்த எறும்பு புறப்பட்ட நுனி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கேட்டால், மூன்று விடைகள் கிடைக்கின்றன. புறப்படும்போது தூரம் 4 சென்டிமீட்டர். எறும்பு தன் காலால் நடந்தது ஏறத்தாழ 7.3 சென்டிமீட்டர். அந்த நுனி இப்போது இருப்பது 16 சென்டிமீட்டர் தூரத்தில். மூன்றும் உண்மையே, மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு உரிய விடைகள். எறும்பு ஒரு கணமும் தன் வேகத்தை மீறவில்லை என்பதையும் காண்க.

பேரண்டத்தின் மிகப் பழைய ஒளிக்கும் இவ்வாறே மூன்று எண்கள் உள்ளன. அது புறப்பட்டபோது, அந்த இடம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. ஒளி பயணம் செய்தது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அந்த இடம் இன்று ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வெளி ஏறத்தாழ 1100 மடங்கு விரிந்திருக்கிறது. ஒளியின் வேகத்தை மிஞ்சி எந்தப் பொருளும் வெளியினூடே ஓடவில்லை, வெளியே விரிந்தது. புத்தகத்தில் இருந்த இரண்டு எண்களும் சரியானவையே.

இங்கே மற்றொரு ஐயம் எழலாம். எல்லாம் விரிந்தால் நமது வீடும் தோட்டமும் பூமியும் விரிய வேண்டாமா? விரிவதில்லை. பூமியைச் சூரியனோடும், சூரியனைப் பால்வீதியோடும் ஈர்ப்பு விசை கட்டி வைத்துள்ளது. கல்லையும் மரத்தையும் அணுக்களின் பிணைப்பு கட்டி வைத்துள்ளது. நாடாவில் ஒட்டிய மணிகள் நீள்வதில்லை. அவற்றின் இடைவெளிதான் நீள்கிறது. மண்டலக் கூட்டங்களுக்கு இடையே உள்ள பெருவெளியே விரிவது.

4600 கோடி என்பது நாம் காணக்கூடிய பகுதியின் எல்லையே அன்றிப் பேரண்டத்தின் வேலி அன்று. கடற்கரையில் நிற்பவருக்குத் தெரியும் அடிவானம் கடலின் முடிவன்று அல்லவா?

இன்றும் தொடரும் வழக்கு

2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பேரண்டம் தோன்றி 30 கோடி ஆண்டுகள்கூட நிறையாத காலத்து மண்டலத்தைக் கண்டுள்ளதாக 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இவ்வளவு இளம் பருவத்தில் அது இவ்வளவு ஒளியுடன் வளர்ந்தது எப்படி என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

விரியும் வேகத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. 32 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்கு வினாடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இதனைச் சொல்வர். துடிக்கும் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் கொண்டு அளந்தால் ஏறத்தாழ 73 வருகிறது. மிகப் பழைய ஒளியைக் கொண்டு கணித்தால் ஏறத்தாழ 67 வருகிறது. அளவுகோலில் எங்கேனும் பிழையா, அல்லது நாம் அறியாத புதிய உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறதா? 1952இல் தீர்ந்த வழக்கைப்போல இதுவும் ஒருநாள் தீரும்.

நாமே கணக்கிடுவோம்

வீட்டில் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்வதற்காகச் சில பயிற்சிகள்:

1. மின்னலைக் கண்ட 6 வினாடிக்குப் பின் இடி கேட்கிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மின்னல் எவ்வளவு தூரத்தில் வெட்டியது? (விடை: ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இவ்வளவு அருகில் என்றால் மரத்தடியை விட்டு உடனே பாதுகாப்பான கட்டடத்திற்குள் செல்ல வேண்டும்.)

2. சிரியஸ் விண்மீன் 8.6 ஒளியாண்டு, திருவோணம் ஏறத்தாழ 17, அபிஜித் 25, சுவாதி 37, ரோகிணி 65. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் வயதுக்கும் நெருங்கிய விண்மீன் எது? (அவர் பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளியே இன்று அந்த விண்மீனிலிருந்து வந்து சேர்கிறது.)

3. நாடா 6 சென்டிமீட்டர். எறும்பு நிமிடத்திற்கு 3 சென்டிமீட்டர். ஒவ்வொரு நிமிடமும் நாடா 6 சென்டிமீட்டர் கூடுகிறது. மூன்று தூரங்களையும் காண்க. (விடை: புறப்படும்போது 6, நடந்தது 11, இப்போது 24 சென்டிமீட்டர்.)

இப்பயிற்சிகளைச் செய்து முடிக்கும் பிள்ளை, 1380 கோடி என்னும் எண்ணைப் பிறர் சொன்னதற்காக மட்டும் நம்ப வேண்டியதில்லை. அது எவ்வழியில் வந்தது என்பதைத் தானே எடுத்துச் சொல்ல முடியும். மணிக்கு 30 காசு கூலிக்குத் தகடுகளைப் பார்த்த ஒருவரின் பொறுமை பேரண்டத்தை அளக்கும் கோலாயிற்று. அத்தகைய பொறுமையும் கூர்மையான கண்ணும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்கள் கேள்வி கேட்கும்போது, விடை தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வோம்.